ராத்திரி பொம்மைக்கடை... காலையில் மளிகைக்கடை! பிணத்தைத் தேடிக் கிளம்பிய கிறுக்குப் புரொஃபசர் | க்ரைம் அலமாரி

நள்ளிரவு. ஊரே அடங்கிக் கிடக்கிறது. ஆக்ஸ்ஃபோர்ட் நகரின் இஃப்லி ரோட்டில் ஒருவர் தனியாக நடந்துபோகிறார். ஒரு பொம்மைக்கடை கண்ணில் படுகிறது. வெயிலுக்குக் கட்டும் படுதாவைச் சுருட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கதவைத் தொட்டுப் பார்க்கிறார். பூட்டவில்லை!

பேசாமல் வந்த வழியே போயிருக்கலாம். ஆனால், மனுஷனுக்கு ஆர்வம் விடுமா? உள்ளே நுழைகிறார். மாடிக்குப் போகிறார். அங்கே கழுத்து நெரிக்கப்பட்டு ஒரு வயதான பெண்மணி இறந்துகிடக்கிறார். பதறிப்போய்த் திரும்பும்போது தலையில் விழுகிறது ஓர் அடி.

மயக்கம் தெளிந்து, அடைத்துவைத்த இடத்திலிருந்து தப்பித்து, போலீஸைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்கு வருகிறார். பிணத்தைக் காணவில்லை. சரி, கொலைகாரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், கடையையே காணவில்லை! கரடி பொம்மை இருந்த இடத்தில் மாவும் டின்களும் அடுக்கிவைத்த மளிகைக்கடை ஒன்று, பல வருஷமாக அங்கேயே இருப்பதுபோல நிற்கிறது.

போலீஸ் என்ன நினைக்கும்? "சாருக்குத் தலையில் பலமான அடி, பாவம்!" என்றுதான். அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பிணமும் இல்லை, கடையும் இல்லை, நம்புவதற்கு ஆளும் இல்லை. இப்படித் தொடங்கும் நாவல்தான், 1946-ல் வெளியான `தி மூவிங் டாய்ஷாப்'. எழுதியவர் எட்மண்ட் கிறிஸ்பின். துப்பறியும் கதைகளையும் நகைச்சுவையையும் கலந்து எழுதப்பட்ட ஆங்கில நாவல்களைப் பட்டியல் போட்டால், இந்தப் புத்தகத்தைத் தவிர்க்கவே முடியாது. `க்ரைம் அலமாரி'யில் இந்த வாரம் இதைத்தான் எடுத்துத் தூசி தட்டப்போகிறோம். கொலையாளி யார், கடை எப்படி மாறியது என்ற இரண்டையும் இங்கே சொல்லப்போவதில்லை. தைரியமாகப் படிக்கலாம்!

சாகசம் கேட்ட கவிஞர்

பொம்மைக்கடைக்குள் நுழைந்தவர் பெயர் ரிச்சர்ட் கடோகன். பேர் வாங்கிய கவிஞர். லண்டனில் வசதியாக வாழ்கிறார். ஆனால், வாழ்க்கை சப்பென்று இருக்கிறது என்று ஒரே புலம்பல். `வயசாகுது, ஒரு த்ரில்லும் இல்லையே' என்று தன் பதிப்பாளரிடம் மல்லுக்கட்டி, 50 பவுண்டு முன்பணம் வாங்கிக்கொண்டு, தான் படித்த ஆக்ஸ்ஃபோர்டுக்கு விடுமுறையில் கிளம்புகிறார்.

கேட்டது கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கால் வைத்த முதல் ராத்திரியே கொலை, அடி, மயக்கம், காணாமல்போன கடை எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன. விடியும் நேரத்தில் கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல் நடுத்தெருவில் நிற்கும் கடோகனுக்கு ஒரு பழைய நண்பரின் ஞாபகம் வருகிறது.

அவர்தான் ஜெர்வேஸ் ஃபென்.

யார் இந்த ஃபென்?

ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர். அவர் வேலை பார்க்கும் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் கல்லூரி மட்டும் கற்பனை. உயரமான, ஒல்லியான உடம்பு. எவ்வளவு தண்ணீர் வைத்துப் படிய வாரினாலும் குத்திட்டு நிற்கும் தலைமுடி. தொளதொளவென்று நீளமான ரெயின்கோட். விசித்திரமான ஒரு தொப்பி. பதற்றம் வந்தால், `ஆலிஸின் அற்புத உலகம்' கதையில் வரும் வெள்ளை முயலைப் போலக் கூவுவார்.

அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. அதற்கு `லில்லி கிறிஸ்டீன் - 3' என்று பெயர். அது வரும் சத்தம் ஊருக்கே கேட்கும். அவர் ஓட்டும் அழகைப் பார்த்தால் எதிரில் வருபவர்கள் மட்டுமல்ல, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் சாமியைக் கும்பிடவேண்டியதுதான்.

ஷெர்லாக் ஹோம்ஸ், ஹெர்கூல் பொய்ரோ போல ஃபென்னுக்குத் துப்பறிவது தொழில் கிடையாது. யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை. இலக்கியம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறார். ஆனால், ஒரு கொலை நடந்திருக்கிறது என்று காதில் விழுந்தால், ஐஸ்வண்டி மணி கேட்ட பையனைப் போல ஆகிவிடுவார். ஷேக்ஸ்பியர் வகுப்பாவது, மண்ணாங்கட்டியாவது!

இதைவிட வேடிக்கை, ஊரின் போலீஸ் தலைமை அதிகாரி சர் ரிச்சர்ட் ஃப்ரீமேன். புரொஃபசருக்குக் குற்றங்கள்மீது காதல் என்றால், போலீஸ்காரருக்கு இலக்கியத்தின்மீது காதல். ஃபென் மூச்சுவாங்க போன் செய்து `கொலை' என்று சொன்னால், அந்தப் பக்கம் அவர் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றைப் பற்றிச் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவர் வேலைமீது இன்னொருவருக்குக் கண். இரண்டு பேரும் இடம் மாறியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்பினுக்குப் பாடம் நடத்திய டபிள்யூ.ஈ.மூர் என்ற ஆசிரியரை மனதில் வைத்துத்தான் ஃபென் உருவாக்கப்பட்டார் என்று சொல்வார்கள்.

ஐந்து வரிக் கவிதையில் ஒளிந்திருக்கும் சொத்து

கதையின் முடிச்சு ஓர் உயிலில் இருக்கிறது. மிஸ் ஸ்னெய்த் என்ற பணக்காரப் பெண்மணி இறந்துபோகிறார். அவருடைய சொத்து எல்லாம் மருமகள் முறையுள்ள எமிலியா டார்டிக்குச் சேரவேண்டும். ஆனால், ஒரு நிபந்தனை. பத்திரிகையில் விளம்பரம் வரும். அதைப் பார்த்து ஆறு மாதத்துக்குள் வந்து உரிமை கோரவேண்டும். வராவிட்டால், அந்தப் பணம் வேறு சிலருக்குப் போய்விடும்.

யார் அந்தச் சிலர்? அங்கேதான் இருக்கிறது கிழவியின் குறும்பு. உயிலில் அவர்களுக்குச் சொந்தப் பெயர் இல்லை. `ரைட், லீட்ஸ், வெஸ்ட், மோல்ட், பெர்லின்' என்று புனைபெயர்கள்தான். பேப்பரில் இந்த ஐந்து சொற்களோடு ஒரு வக்கீல் கொடுத்த வரி விளம்பரம் ஃபென் கண்ணில் படுகிறது. மற்றவர்களுக்கு இது ஏதோ ஊர்ப்பெயர் பட்டியல். இலக்கியப் புரொஃபசருக்கோ பொறிதட்டுகிறது. இவையெல்லாம் எட்வர்ட் லியரின் லிமெரிக்குகளில் வருபவை ஆயிற்றே!

லிமெரிக் என்பது ஐந்தே வரியில் முடியும் வேடிக்கைப் பாட்டு. பெரும்பாலும் `இந்த ஊர்க்காரர் ஒருத்தர் இருந்தார், அவர் இப்படியொரு கோமாளித்தனம் செய்தார்' என்ற பாணியில் இருக்கும். 1846-ல் வெளியான லியரின் `எ புக் ஆஃப் நான்சென்ஸ்' புத்தகம்தான் இந்த வகையைப் பட்டிதொட்டியெல்லாம் பரப்பியது. அது வெளிவந்து சரியாக 100 வருஷம் கழித்து, அந்தக் குழந்தைப் பாட்டையே கொலை வழக்கின் சாவியாக்கிவிட்டார் கிறிஸ்பின். (ஒரு கொசுறு: லியர் அடிப்படையில் ஓவியர். 1873 முதல் 1875 வரை இந்தியாவைச் சுற்றிச் சுற்றி வரைந்தவர். மாமல்லபுரத்தையும் வரைந்திருக்கிறார்!)

லியரின் பாட்டு ஒன்றில் ரைட் என்ற ஊரைச் சேர்ந்த இளம்பெண் வருவார். அவர் புள்ளி போட்ட நாய்களை வைத்திருப்பார். அப்படியானால் ஆக்ஸ்ஃபோர்ட் தெருக்களில் யாரைத் தேடவேண்டும்? புள்ளி நாயோடு நடந்துபோகும் ஒரு பெண்ணை! உலகத் துப்பறியும் வரலாற்றில் இப்படியொரு `க்ளூ'வை வேறு எங்கும் பார்க்க முடியாது. சிரிப்பு வருகிறதா? ஆனால், கணக்கு சரியாக வந்துவிடும். கிறிஸ்பின் ஜோக் அடிப்பதாக நினைத்து நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த தடயத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்.

ஓடு... ஓடு... ஓடு!

நாவலின் பெரும்பகுதி ஓட்டம்தான். எல்லாம் ஏறக்குறைய ஒரே நாளில் நடக்கிறது. ஃபென்னும் கடோகனும் ஆளைத் துரத்துகிறார்கள். ஆட்கள் அவர்களைத் துரத்துகிறார்கள். போதாக்குறைக்குப் போலீஸே கடோகனைத் தேடத் தொடங்குகிறது.

ஷெல்டோனியன் தியேட்டருக்குள் ஒரு பெண்ணைத் தேடி நுழைகிறார்கள். அங்கே பெரிய குழுவொன்று பாட்டு ஒத்திகையில் இருக்கிறது. சந்தேகம் வராமல் இருக்க இவர்களும் கூட்டத்தோடு நின்று வாயைத் திறக்கிறார்கள். எப்படியிருக்கும் அந்தப் பாட்டு என்று சொல்லவேண்டியதில்லை!

இன்னோரிடத்தில், கல்லூரி மாணவர் பட்டாளமே சைக்கிளும் காருமாகக் குற்றவாளியின் பின்னால் போகிறது. துரத்தல் போய் முடியும் இடம், பார்சன்ஸ் ப்ளெஷர். செர்வெல் ஆற்றங்கரையில் ஆண்கள் மட்டும் துணியில்லாமல் குளிப்பதற்கென்று ஆக்ஸ்ஃபோர்டில் நிஜமாகவே இருந்த இடம் அது. 1991-ல்தான் மூடினார்கள். அங்கே நிம்மதியாகக் குளித்துக்கொண்டிருந்தவர்களின் கதி? புத்தகத்தில் பாருங்கள்.

நடுநடுவே வரும் துணைப் பாத்திரங்களும் சளைத்தவர்கள் இல்லை. கடோகனுக்கு லிஃப்ட் கொடுக்கும் லாரி டிரைவர், டி.ஹெச்.லாரன்ஸின் எழுத்துகளைப் படித்துவிட்டு நாகரிகத்தின் சீரழிவைப் பற்றி லெக்சர் அடிப்பார். ஹோஸ்கின்ஸ் என்ற மாணவர் சோகமே உருவானவர்போல இருப்பார். ஆனால், அழுகிற பெண்களைச் சமாதானப்படுத்தச் சொன்னால் சாக்லேட்டோடு வந்துநிற்பார். காது கேட்காத, ஆனால் விஸ்கி இருக்கும் இடம் மட்டும் சரியாகத் தெரிந்த கிழப் புரொஃபசர் வில்க்ஸ் இன்னொரு பக்கம்.

காத்திருக்கும் நேரத்தில் ஃபென்னும் கடோகனும் விளையாடும் விளையாட்டுகள் தனி ரகம். `கதைகளிலேயே சகிக்க முடியாத பாத்திரங்கள் யார் யார்?' என்று மாறி மாறிச் சொல்லவேண்டும். ஒருமுறை இதில் ஜேன் ஆஸ்டினின் பாத்திரங்களை இழுத்துவிட, பக்கத்தில் இருக்கும் ஆஸ்டின் ரசிகர் ஒருவர் சண்டைக்கே வந்துவிடுகிறார். ஆபத்தில் மாட்டி அடைபட்டுக் கிடக்கும்போதுகூட, `படிக்கவே முடியாத புகழ்பெற்ற புத்தகங்கள்' என்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நண்பர்களோடு நீங்களும் விளையாடிப் பார்க்கலாம். நட்பு முறிந்தால் க்ரைம் அலமாரி பொறுப்பல்ல!

தாங்கள் ஒரு நாவலுக்குள் இருக்கிறோம் என்பதும் இந்த இருவருக்கும் தெரியும்! ஓர் இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்று குழப்பம் வருகிறது. `இடதுபக்கமே போகலாம், நம் புத்தகத்தைப் போடுகிறவர் கொலான்ஸ் ஆயிற்றே' என்ற அர்த்தத்தில் ஒரு வசனம். பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ், 1936-ல் `லெஃப்ட் புக் க்ளப்' தொடங்கிய இடதுசாரி. தன் புத்தகத்தை வெளியிடுபவரையே கதைக்குள் வைத்துக் கலாய்க்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்?

24 வயசுப் பையன் எழுதியது!

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் வயசு. இந்த நாவல் வெளியானபோது கிறிஸ்பினுக்கு 24 வயதுதான்.

அவரின் நிஜப்பெயர் ப்ரூஸ் மான்ட்கோமரி. 1921-ல் இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் பிரெஞ்சும் ஜெர்மனும் படித்தார். அங்கேயே தேவாலய ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவையும் பார்த்துக்கொண்டார். ஜான் டிக்ஸன் கார் எழுதிய `தி க்ரூக்கட் ஹிஞ்ச்' என்ற துப்பறியும் நாவலைப் படித்தவர், `நாமும் எழுதினால் என்ன?' என்று உட்கார்ந்துவிட்டார். படிக்கிற காலத்திலேயே எழுதிய முதல் நாவல் `தி கேஸ் ஆஃப் தி கில்டட் ஃப்ளை' 1944-ல் வெளியானது. எட்மண்ட் கிறிஸ்பின் என்ற புனைபெயர்கூட, மைக்கேல் இன்னஸ் எழுதிய ஒரு துப்பறியும் நாவலின் பாத்திரத்திடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

அதே கல்லூரியில் படித்த கூச்ச சுபாவமுள்ள இன்னொரு மாணவர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். அவர்தான் பின்னாளில் இங்கிலாந்தின் மிக முக்கியமான கவிஞர்களில் ஒருவராகக் கொண்டாடப்பட்ட ஃபிலிப் லார்கின். `தி மூவிங் டாய்ஷாப்' லார்கினுக்குத்தான் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. சமர்ப்பணத்தோடு விட்டாரா? தேவையில்லாத ஒற்றுமைகளைத் தேடித்தேடிக் கட்டுரை எழுதும் ஒரு மாணவனைக் கதைக்குள் கொண்டுவந்து, அவனுக்கும் `லார்கின்' என்றே பெயர் வைத்துவிட்டார். பதிலுக்கு லார்கின், அடுத்த வருஷம் வெளியான தன் `எ கேர்ள் இன் வின்ட்டர்' நாவலை மான்ட்கோமரிக்குச் சமர்ப்பித்தார்.

இந்த நாவல் வந்த காலத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். 1946. உலகப்போர் முடிந்து ஒரு வருஷம்கூட முழுதாகக் கழியாத பிரிட்டன். போர் நடந்தபோதுகூட ரேஷனில் வராத ரொட்டி, அந்த ஜூலையில்தான் ரேஷனுக்கு வந்தது. வீட்டுக்கு வீடு யாரையாவது பறிகொடுத்திருந்த நேரம். அப்படிப்பட்ட நாட்களில், சிவப்புக் காரில் இரண்டு பேர் ஊர் முழுக்க அலப்பறை செய்யும் கதை அந்த வாசகர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

ஹிட்ச்காக் எடுத்துக்கொண்ட க்ளைமாக்ஸ்

நாவலின் க்ளைமாக்ஸ், பாட்லி என்ற இடத்தில் நடக்கும் திருவிழாவில், ஒரு ராட்டினத்தில். மரக்குதிரைகளோடு கட்டுப்பாடு இழந்து தறிகெட்டுச் சுற்றுகிறது ராட்டினம். அதன் மேல் இரண்டு பேர் கட்டிப் புரள்கிறார்கள். அதை நிறுத்த, சுற்றும் மேடைக்கு அடியில் ஊர்ந்துகொண்டு போகவேண்டியிருக்கிறது.

`இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே!' என்று சினிமா ரசிகர்களுக்குத் தோன்றும். ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் இயக்கிய `ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' (1951) படத்தின் புகழ்பெற்ற க்ளைமாக்ஸ் இதேதான். அந்தப் படம் பேட்ரீஷியா ஹைஸ்மித்தின் நாவலை வைத்து எடுக்கப்பட்டது. ஆனால், ஹைஸ்மித்தின் நாவலில் இந்த ராட்டினச் சண்டை கிடையாது. அது கிறிஸ்பினுடையது. படத்தின் டைட்டிலில் கிறிஸ்பின் பெயர் இல்லை.

அந்தக் காட்சியில் ராட்டினத்துக்கு அடியில் ஒரு முதியவர் ஊர்ந்து போவாரே, அது கேமரா தந்திரம் இல்லை. சுற்றும் ராட்டினத்துக்கு அடியில் நிஜமாகவே ஒருவர் ஊர்ந்து போனார். தலையைக் கொஞ்சம் தூக்கியிருந்தாலும் உயிர் போயிருக்கும். `இனிமேல் இப்படி ஒன்றைச் செய்யவே மாட்டேன்' என்று ஹிட்ச்காக்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். உலகமே நகம் கடித்துப் பார்த்த காட்சி. அது ஒரு காமெடி நாவலிலிருந்து வந்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிரிப்புக்கு நடுவே ஒரு முகம்

இவ்வளவு கலாட்டாவுக்கும் நடுவே மறக்கக் கூடாத ஒருவர் இருக்கிறார். மாடியில் இறந்துகிடந்த அந்தப் பெண்மணி.

யோசித்துப் பாருங்கள். அவருக்கு அந்த ஊரில் சொந்தம் என்று யாரும் இல்லை. `ராத்திரி வீட்டுக்கு வரவில்லையே' என்று தேட ஆள் இல்லை. உடல் கிடைக்காததால், போலீஸைப் பொறுத்தவரை கொலையே நடக்கவில்லை. கடை மாறியதும் அவர் இருந்த தடமே இல்லாமல் போய்விட்டது. கொலையாளியின் திட்டமும் அதுதான். நல்ல திட்டம், ஒன்றைத் தவிர. தூக்கம் வராமல் ராத்திரியில் சுற்றும் ஒரு கவிஞர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டார்.

கடோகன் நினைத்திருந்தால், `நமக்கு ஏன் வம்பு' என்று அடுத்த ரயிலில் லண்டன் திரும்பியிருக்கலாம். ஃபென், `அடிபட்டதில் ஏதோ கனவு கண்டிருப்பாய், காபி குடி' என்று சொல்லியிருக்கலாம். யாரும் தப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால், அந்தக் கிறுக்குப் புரொஃபசர் நண்பனை நம்புகிறார். கார் சாவியை எடுக்கிறார். பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க ஓடுகிறார்கள். அவர்கள் விளையாட்டுத்தனமாக ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், வழியில் பீர் குடிக்கிறார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால், அந்தப் பெண்மணிக்காக ஓட அந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

`காமெடி' என்று பெயர் வைத்துக்கொண்டு சாவையே கேலி செய்யும் கதைகள் உண்டு. கிறிஸ்பின் அதைச் செய்யவில்லை. அவர் கிண்டல் செய்வது புரொஃபசர்களை, கவிஞர்களை, போலீஸை, பதிப்பாளரை, தன்னைத்தானே. கொலையானவரை அல்ல. அதனால்தான் கடைசியில் எப்படி நடந்தது என்று ஃபென் விளக்கும்போது, அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வாசகருக்கு லேசாகத் தொண்டை அடைக்கிறது.

நின்றுபோன பேனா

1944-லிருந்து 1951 வரை எட்டு வருஷத்தில் எட்டு ஃபென் நாவல்கள். 1953-ல் ஒரு சிறுகதைத் தொகுப்பு. கிறிஸ்பின் உச்சத்தில் இருந்தார். 1951-ல் வந்த `தி லாங் டிவோர்ஸ்' நாவலுக்குப் பிறகு அடுத்த ஃபென் நாவல் எப்போது வந்தது தெரியுமா?

1977-ல். நடுவில் 26 வருஷம்!

அவர் சும்மா இருக்கவில்லை. ப்ரூஸ் மான்ட்கோமரி என்ற நிஜப்பெயரில் சினிமாவுக்கு இசையமைத்தார். `டாக்டர் இன் தி ஹவுஸ்' (1954) அவர் இசைதான். பிரிட்டனின் புகழ்பெற்ற `கேரி ஆன்' காமெடிப் படவரிசையின் முதல் படமான `கேரி ஆன் சார்ஜென்ட்' (1958) உட்படப் பல படங்களுக்கு அவரே இசையமைப்பாளர். அதே கை `ஆக்ஸ்ஃபோர்ட் ரெக்வியம்' என்ற இரங்கல் இசையையும் எழுதியது. அறிவியல் புனைகதைத் தொகுப்புகளைப் பதிப்பித்தார். `சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் துப்பறியும் நாவல்களுக்கு விமர்சனம் எழுதினார்.

ஆனால், குடி மெல்ல மெல்ல அவரைத் தின்றுகொண்டிருந்தது. வேலைகளைக் குறித்த நேரத்தில் முடிக்க முடியாமல் சினிமா வாய்ப்புகள் கையைவிட்டுப் போயின. உடல்நிலை கெட்டது. 20 வயதுகளில் வருஷத்துக்கு ஒரு நாவலைச் சிரித்துக்கொண்டே எழுதித் தள்ளியவருக்கு, அடுத்த நாவலை முடிக்கக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. சாதாரணமாகப் பேர் வாங்கிக்கொண்டிருந்த நண்பர் லார்கின், இதற்குள் நாடறிந்த கவிஞராகிவிட்டிருந்தார்.

ஆனாலும் அவர் எழுதி முடித்தார். `தி க்ளிம்ப்ஸஸ் ஆஃப் தி மூன்' 1977-ல் வெளியானது. ஃபென் திரும்பி வந்தார், அதே கிறுக்குத்தனத்தோடு. அடுத்த வருஷம், 1978 செப்டம்பரில் மான்ட்கோமரி இறந்துபோனார். 57-வது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

படிக்கலாமா... வேண்டாமா?

குறைகளே இல்லாத புத்தகமா? இல்லை. தற்செயல்கள் கொஞ்சம் அதிகம். தேடுகிற ஆள் சரியாக எதிரில் வந்து நிற்பார். இலக்கிய மேற்கோள்கள் சரமாரியாக வரும். சிலவற்றுக்கு கூகுளைத் தேடவேண்டியிருக்கும். நாவலின் தலைப்பே அலெக்ஸாண்டர் போப்பின் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டதுதான். பெண்களைப் பற்றிய சில பேச்சுகளில் 1940-களின் வாடை அடிக்கும். கொலை நடந்த விதத்துக்கான விளக்கத்தைப் படித்துவிட்டு, `இதெல்லாம் நடக்குமா?' என்று சிலர் புருவத்தை உயர்த்தலாம்.

ஆனாலும், துப்பறியும் நாவல்களின் அரசியாகக் கொண்டாடப்பட்ட பி.டி.ஜேம்ஸ், தனக்குப் பிடித்த ஐந்து க்ரைம் நாவல்களைச் சொன்னபோது இதையும் சேர்த்தார். அவரே சொன்ன பிறகு என்ன?

* ஃபென் நாவல்களை வரிசையாகத்தான் படிக்கவேண்டும் என்ற அவசியம் இல்லை. மூன்றாவதான இதிலிருந்தே தொடங்கலாம்.

* ஆங்கிலத்தில் இப்போதும் அச்சில் இருக்கிறது. ஆங்கில நாவல் படிப்பது புதிது என்றால் முதல் இரண்டு அத்தியாயங்களை நிதானமாகக் கடந்துவிடுங்கள். அதற்குப் பிறகு கதையே இழுத்துக்கொண்டு போகும்.

* அத்தியாயத் தலைப்புகளைத் தாண்டிவிடாதீர்கள். எல்லாமே `இன்னாரின் அத்தியாயம்' என்ற பாணியில் இருக்கும். `சுழலும் புரொஃபசரின் அத்தியாயம்' என்று ஒன்று வரும்போது ராட்டினம் ஞாபகம் வந்தால் நீங்களும் பாதி டிடெக்டிவ்!

ரத்தம் தெறிக்கும் சைக்கோ த்ரில்லர்களும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வெப் சீரிஸ்களும் வாரத்துக்கு நாலு வருகின்றன. அவற்றுக்கு நடுவே, கொலைகாரனையும் பிடிக்கவேண்டும், வயிறு குலுங்கச் சிரிக்கவும் வேண்டும் என்று தோன்றும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஃபென்னை அழைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டால் பயப்படவேண்டாம். அது லில்லி கிறிஸ்டீன்தான்.

சரி, நீங்கள் சொல்லுங்கள்... நேற்று ராத்திரி உங்கள் கண்ணால் பார்த்த கடை, இன்று காலை அங்கே இல்லை. விஷயத்தைச் சொன்னால் கேலி செய்யாமல், அந்த நிமிஷமே வண்டியை எடுத்துக்கொண்டு உங்களோடு கிளம்பும் அந்த ஒரு நண்பர் யார்? கமென்ட்டில் அவரை டேக் செய்யுங்கள்!